பாலாடையின் வெறுங்கழுத்து

மலை நிலைக்க. மழை வழுவாது பெய்க. எல்லைக்கல்லின் இருபுறமும் அடுப்புகள் எரிக.

கருங்கோட்டு நாட்டின் முகடுகளுக்கு உரிமை பூண்டவளும், கணவர் வானேறியபின் குளிர்முடி நகரத்து அரியணையிலிருந்து செங்கோல் தாங்குபவளும், கணவாய்க் காவலுக்கும் மந்தைக் காவலுக்கும் தலைவியுமாகிய வெண்குழலி மாதேவி, தண்பணை நாட்டு மன்னரும், சமவெளியில் இரு கரையும் நெல் விளையும் பேறையாற்றின் காவலரும், வந்தவர்க்குச் சோறும் அஞ்சியவர்க்கு அரணும் அளிப்பதில் குறையாதவரும், எம் சம்பந்தியுமாகிய நறுந்தார் வேந்தருக்கு விடுக்கும் ஓலை.

தங்கள் நாட்டு மடைகள் நிறைந்திருக்க. களங்களில் நெல் குவிந்திருக்க. தங்கள் அரண்மனையில் மூத்தோர் நோயின்றியும் இளையோர் குறையின்றியும் வாழ்க. எம் மருமகன் பரிதிநம்பிக்கு நீண்ட ஆயுள் உண்டாகுக. எம் மகள் அல்லிக்கோதை, இவ்வோலை வந்து சேரும் பொழுதிலும் தங்கள் மருமகளாகவே இருப்பாளாக.

தங்கள் தூதர் விழுப்பரையர் நேற்று முற்பகலில் எம் அவைக்கு வந்தார். ஆசனம் தந்தோம், அமரவில்லை. தண்ணீர் தந்தோம், தொடவில்லை. உறவு முறிந்த வீட்டில் நீர் அருந்துவது தம் நாட்டு முறையன்று என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். பிறகு தாங்கள் சொல்லியனுப்பியதைச் சொன்னார். திருமணத்தின்போது தங்கள் வீட்டார் எம்மிடம் விட்டுச்சென்ற வேட்டைநாய் பாலாடை, வெறுங்கழுத்தோடு தங்கள் அரண்மனை வாயிலில் வந்து நின்றது என்றும், உறவை அறுக்க எம் வீடு முற்பட்டுவிட்டது அதனால் தெளிவாயிற்று என்றும், வருகிற நிறைமதி நாளில் எம் மகளைப் பல்லக்கில் எல்லைக்கல்லுக்குக் கொண்டுவந்து, அங்கே அவள் கழுத்துத் தாலியை இறக்கி, எம்மிடம் ஒப்படைத்துவிடத் தாங்கள் ஆணையிட்டிருப்பதாகவும் அறிவித்தார்.

வேந்தே, பாலாடையை யாம் அனுப்பவில்லை. அது எம் கையிலிருந்து நழுவிற்று. எப்படி நழுவிற்று என்பதைச் சொல்லவும், அதைத் தாங்கள் தங்கள் கண்ணாலேயே கண்டு தெளியும் வழியைக் காட்டவுமே இவ்வோலையை எழுதுவிக்கிறோம்.

இது தங்கள் அவையில் உரக்கப் படிக்கப்படும். கேட்போரில் இளையவரும் இருப்பார்கள் என்பதால், நம் இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். மலைநாட்டுப் பெண் மணமாகிச் சமவெளிக்கு இறங்கும் நாளில், மணமகன் வீட்டார் தங்கள் முற்றத்தில் வளர்ந்த ஒரு வேட்டைநாயைப் பெண்வீட்டில் விட்டுச்செல்வார்கள். அவர்களுடைய செல்லம் இங்கே. எங்களுடைய செல்லம் அங்கே. இரண்டும் நலமாக இருக்கும்வரை உறவும் நலமாக இருக்கும். எல்லைக்கல்லருகே நாயின் பழைய கழுத்துப்பட்டையை மணமகன் வீட்டார் கழற்றிக்கொள்வார்கள். பெண்வீட்டார் தம் பட்டையைப் பூட்டுவார்கள். அதே கல்லருகே பெண்ணின் பிறந்தகத்து நகைகளும் இறங்கும், புகுந்தகத்து நகைகள் ஏறும். உறவு வேண்டாம் என்று எந்த வீடாவது முடிவு செய்தால், வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. நாய் வெறுங்கழுத்தோடு வீடு திரும்பினால் போதும். வாளை உருவுவதைவிட அது பெரிய சொல் என்பதை யாமும் அறிவோம். எனவே தாங்கள் சினம் கொண்டதில் பிழை காணவில்லை. எம் வாயிலுக்கு அப்படி ஒரு நாய் வந்திருந்தால் யாமும் அவ்வாறே எண்ணியிருப்போம்.

இனி நடந்தது.

தினைப்புது விழா அன்று, வழக்கப்படி பாலாடையை ஊர்வலத்தின் முன்னே நடத்திச் சென்றோம். சம்பந்தி வீட்டு நாய் என்பதால் அதற்குத்தான் முதல் மரியாதை. எம் மந்தை நாய்களெல்லாம் அதன் பின்னே வந்தன. செந்நிறத் தோலில் பித்தளைக் குமிழ் பதித்த புதிய பட்டை ஒன்றை அதற்கு அணிவித்திருந்தோம். கயிற்றைப் பிடித்திருந்தவன் எம் நாய்க்கொட்டில் காவலன் ஒச்சன். கடைவீதி முனையில் பெரும்பறைக்காரர்கள் காத்திருந்தார்கள். ஊர்வலம் நெருங்கியதும் முதல் அடி விழுந்தது. அந்த அதிர்ச்சி அடங்கும் முன்பே பாலாடை தெருவில் இல்லை. கூட்டம் கூவிற்று. ஒச்சன் கயிற்றோடு நின்றான். கயிற்றின் முனையில் கழுத்துப்பட்டை தொங்கிற்று. அதன் கொக்கி பூட்டியபடியே இருந்தது.

மலைச்சரிவு முழுவதும் ஒச்சன் அதன் பின்னே ஓடினான். பேறையாற்றில் அது குதித்து நீந்தியதைக் கண்டான். அக்கரை தங்கள் மண். எம் காவலன் எவனும் தங்கள் இசைவின்றி அதில் கால் வைப்பதில்லை என்பதால் அவன் கரையிலேயே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினான். அன்றே தங்களுக்கு ஆள் விடுத்தோம். ஆள் பாலத்துப் பாதையைச் சுற்றிக்கொண்டு வந்தான். நாய்க்குப் பாலம் தேவைப்படவில்லை. எம் செய்தி வரும் முன்பே அது தங்கள் வாயிலில் வந்து நின்றுவிட்டது. பின்னால் வந்த செய்தி சாக்குப்போக்காகவே ஒலித்திருக்கும்.

இதை விழுப்பரையரிடம் சொன்னபோது அவர் ஒன்றே கேட்டார். பட்டை அறுந்ததா என்றார். இல்லை என்றோம். கொக்கி கழன்றதா என்றார். அதுவும் இல்லை என்றோம். அறாத பட்டையிலிருந்து, கழலாத கொக்கியிலிருந்து, ஒரு நாய் எப்படி வெளியே வரும் என்று கேட்டுவிட்டு, யாரோ ஒருவர் கையால் கழற்றிவிட்டு மறுபடி பூட்டியிருக்கிறார் என்பதைத் தவிர வேறு பொருள் உண்டானால் சொல்லும்படி அடக்கமாகக் கேட்டுக்கொண்டார். மறைப்பானேன், எம் அமைச்சரே அவர் பக்கம் சாய்ந்தார். ஒச்சன் ஏதோ காரணத்துக்காக நாயை அவிழ்த்துவிட்டான் என்றும், அவனைத் தண்டித்து அச்செய்தியைத் தங்களுக்கு அனுப்பினால் தங்கள் சினம் தணியலாம் என்றும் எம் காதருகே வந்து சொன்னார்.

ஒச்சனை அழைத்துக் கேட்டோம். அவன் அழவுமில்லை, காலில் விழவுமில்லை. கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் இன்னும் புண்ணாகவே இருந்தது. "நான் கயிற விடல தாயே. விட்டிருந்தா கை ஏன் இப்படி இருக்கு?" என்றான்.

பட்டை வந்த இடம் எது என்று அடுத்து விசாரித்தோம். அரண்மனை வாயிலுக்கு எதிரே உள்ள நாய்ப்பண்டக் கடையைத் தாங்கள் திருமணத்துக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள். மந்தை மேய்ப்பவர் முதல் அரண்மனை வரை எவர்க்கும் பட்டையும் கயிறும் தருவது அந்தக் கடைதான். அதன் தலைவன் சேந்தன் கூற்றன். எந்தச் சரக்கைக் கடைக்குள் ஏற்றலாம், எதைத் தெருவிலேயே திருப்பி அனுப்பலாம் என்பதில் அவனுக்குமேல் எம் நாட்டில் நீதிபதி கிடையாது. தோலை விரலால் மடக்கி வெடிப்பைப் பார்ப்பான். பட்டையை ஊறவைத்துக் காயவைத்து மறுபடி ஊறவைப்பான். அம்மிக்கல்லைக் கட்டித் தொங்கவிடுவான். கயிற்றைத் தன் சொந்த நாயின் முன் போட்டுக் கடிக்கவிட்டுப் பார்ப்பான். இத்தனையிலும் தேறிய சரக்கே அவன் கடையின் ஆணியில் தொங்கும்.

அவன் அவைக்குள் வரும்போதே சினத்தோடு வந்தான். "நம்ம பட்டை அறுந்துச்சுன்னு ஒருத்தர் சொல்லட்டும் மாதேவி, கடைய மூடிட்டு ஆடு மேய்க்கப் போறேன்" என்றான். தூதர் பார்க்க அந்தச் செம்பட்டையைத் தூணில் பூட்டி, காவலர் இருவரை இழுக்கச் சொன்னான். தூண் கிறீச்சிட்டது, பட்டை அசையவில்லை. வாயிலருகே நின்ற மேய்ப்பன் ஒருவன், "கூற்றா, உன் பட்டை அறல, எங்க ராணியம்மா மகளோட வாழ்க்கைதான் அறுந்துபோச்சு" என்றான். கடைத்தலைவன் பட்டையைத் தூணிலிருந்து அவிழ்த்தான். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறோம். தன் பட்டை எவ்வளவு உறுதி என்று காட்டக் காட்ட, எம் வீட்டின்மேல் விழுந்த பழியும் அவ்வளவு உறுதியாகிக்கொண்டே போயிற்று.

யாம் ஒச்சனை மறுபடி அழைத்து, பறை முழங்கிய அந்த நொடியில் நாய் என்ன செய்தது என்பதைமட்டும் கேட்டோம்.

"ஓடல தாயே. பின்னால நடந்துச்சு. தலையத் தாழ்த்தி, ஏதோ பெரியவங்களப் பார்த்த மாதிரி மரியாதையா பின்னால நடந்துச்சு. அப்புறந்தான் ஓடுச்சு."

அவை சிரித்தது. யாம் சிரிக்கவில்லை. பொய் சொல்பவன் நாய் பாய்ந்தது என்பான், துள்ளிற்று என்பான், பேய் பிடித்தது என்றுகூடச் சொல்வான். பின்னால் நடந்தது என்று, தனக்கு எவ்விதத்திலும் உதவாத ஒன்றை எவனும் கட்டிச் சொல்லமாட்டான். எனவே அவன் கண்டதைத்தான் சொல்கிறான் என்று துணிந்தோம்.

பாலாடையின் இனத்து நாய் ஒன்று அந்நேரம் எம் நகரில் இருக்கிறதா என்று தேடச் சொன்னோம். தங்கள் நாட்டு உப்பு வாணிகர் கூட்டமொன்று சந்தையில் தங்கியிருந்தது. அதன் தலைவி பூதியாள் தன் காவல்நாயோடு வந்தாள். பாலாடையைப்போலவே ஒட்டிய வயிறு, நீண்ட கால், ஒடுங்கிய முகம். அதன் கழுத்திலிருந்த பட்டையைக் கழற்றிவிட்டு எம் செம்பட்டையைப் பூட்டச் செய்தோம். கயிற்றை வேறு எவர் கையிலும் கொடுக்க மனமில்லாமல், அரியணையிலிருந்து இறங்கி யாமே பிடித்துக்கொண்டோம். பறையை ஒருமுறை அடிக்கச் சொன்னோம்.

நாய் தலையைத் தாழ்த்தியது. பின்னால் ஓர் அடி வைத்தது. கயிறு விறைத்தது. காது மடங்கிற்று. அடுத்த அடியில் அது வெளியே நின்றது. பட்டை எம் கையில் தொங்கிற்று. கொக்கி பூட்டியபடியே இருந்தது. அதைக் கழற்ற ஒரு கையும் படவில்லை என்பதைத் தங்கள் தூதர் ஒரு கை தூரத்திலிருந்து பார்த்தார்.

பூதியாள்தான் பேசினாள். "எங்க ஊரு நாய்க்குக் கழுத்தவிடத் தலை சின்னதும்மா. வளையல் கழட்டற மாதிரி கழட்டிட்டுப் போயிரும். இதுக்கா ஊரே கூடி நிக்கிறீங்க?" என்றாள். பிறகு ஊர் ஏன் கூடி நிற்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வேந்தே, எம் மலைநாய்களின் தலை பானையளவு இருக்கும். கழுத்து அதைவிடச் சிறுத்தே இருக்கும். காதுக்குக் கீழே பட்டையைப் பூட்டிவிட்டால், அந்தத் தலையைத் தாண்டி அது வந்ததாக எம் நாட்டில் ஒருவரும் கண்டதில்லை. ஆகவே பட்டை அறுமா அறாதா என்று மட்டுமே எம் கடைக்காரன் கேட்டான். யாமும் அதையே கேட்டோம். தங்கள் நாட்டு நாய்களுக்கு என்ன பட்டை வேண்டும் என்பது தங்கள் கொட்டிலில் அன்றாடம் கூட்டிப் பெருக்குபவருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைப் பிறர் அறியாதிருப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அது குற்றமன்று. பாலாடை தனக்குப் பொருந்திய பட்டையோடுதான் எல்லைக்கல்வரை வந்தது. அங்கே நாம் இரு வீட்டாரும் கூடி நின்று, மங்கல வாத்தியம் முழங்க, அதைக் கழற்றிவிட்டோம்.

விழுப்பரையர் பிறகு தண்ணீர் கேட்டார். யாமே எடுத்துக் கொடுத்தோம். குடித்து முடித்தபின், இதைச் சொல்லும்படி தமக்கு யாரும் கட்டளையிடவில்லை என்ற முன்னுரையோடு, தங்கள் அவையில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஆணை படிக்கப்பட்டபோது எம் மருமகன் தலைகுனிந்து நின்றான் என்றும், அல்லிக்கோதைமட்டும் தங்களை நிமிர்ந்து பார்த்து, "மாமா, நாய் தன் காலால வந்தது. என்னை ஏன் பல்லக்கில தூக்கிட்டுப் போறீங்க? போகணும்னா எனக்கும் கால் இருக்கு. போகணுமான்னு யாரும் கேக்கலையே" என்றாள் என்றும் கூறினார். தாங்கள் விடை சொல்லாமல் எழுந்துவிட்டீர்கள் என்றும் கூறினார். மகள் பேசிய துடுக்குக்காகத் தாய் மன்னிப்புக் கேட்பது முறை. யாம் கேட்கவில்லை. அவள் கேட்டது விடைக்குரிய கேள்வி.

அன்று பிற்பகல் முழுவதும் யாம் சேந்தன் கூற்றனின் கடையிலேயே இருந்தோம். தன் சரக்கையெல்லாம் தெருவில் குவித்துத் தீ வைக்கப்போவதாக அவன் கிளம்பினான், தடுத்தோம். மந்தை நாய்க்கு உரிய இரும்புமுள் பட்டை அப்படியே இருக்கவேண்டும். சிறுத்தை முதலில் தொண்டையைத்தான் கவ்வும். அந்த முள் இல்லையேல் எம் மலையில் ஒரு நாயும் மிஞ்சாது. எருமைத்தோல் பட்டையும் வாயில்காவல் நாய்க்கு இருக்கட்டும் என்றோம். செம்பட்டையைமட்டும் ஆணியிலிருந்து இறக்கச் சொன்னோம். பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அதைத் தொங்கவிட அவனிடமும் காரணம் இல்லை.

புதிதாக ஏற்றவேண்டிய சரக்கைப் பூதியாளின் நாயின்மேல் வைத்துப் பார்த்தே தேர்ந்தோம். நான்கு விரல் அகலம். உட்புறம் செம்மறித் தோல், கழுத்து மயிர் தேயாதிருக்க. பட்டையின் இரு முனையிலும் வளையம்; இரண்டையும் கோத்து ஒரு சிறு கண்ணி; கயிறு அந்தக் கண்ணியில். நாய் பின்வாங்கினால் கண்ணி இழுபட்டுப் பட்டை இறுகும். ஆனால் வளையங்கள் ஒன்றையொன்று முட்டியதும் நின்றுவிடும், மூச்சு அடைபடாது. வாணிகக் கூட்டத்து நாய்களின் கழுத்தில் இருந்தது இதுவே. சேந்தன் கூற்றன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படியொன்று இருப்பது தெரியாமல் இத்தனை காலம் கடை வைத்திருந்தேனே என்று சொன்னான். தோலைமட்டும் தன் வழக்கப்படி ஊறவைத்துத்தான் ஏற்பேன் என்று பிடிவாதமும் பிடித்தான். அது நல்ல பிடிவாதம் என்று விட்டுவிட்டோம்.

கயிற்றைத் தேர்வதில்தான் வழக்கு நீண்டது. பட்டுக்கயிறு வியர்த்த கையில் வழுக்கும். ஒச்சனின் உள்ளங்கையை அறுத்தது அதுதான். சங்கிலி குட்டியின் கழுத்துக்குப் பாரம். பனிக்காலத்தில் பிடிப்பவன் விரலும் மரத்துப்போகும். தோல்வாரைச் சலிப்புற்ற நாய் மென்று தின்றுவிடும். சணல் மழையில் உப்பும். முடிவில் ஆட்டுமயிரை முறுக்கிய கயிற்றைத் தேர்ந்தோம். கரடுமுரடாக இருந்தாலும் கையில் நிற்கும். பூதியாள் அதன் முனையில் மணிக்கட்டு நுழையும்படி கண்ணி போடவேண்டும் என்றாள். ஒச்சன் கூடாது என்றான். மலைவிளிம்பில் நாய் தாவினால், கண்ணியில் கை மாட்டியவனும் அதனோடு போவான்; முடிச்சு போதும், முடிச்சானால் கடைசியில் கையை விட்டுவிடலாம் என்றான். இருவர் சொன்னதும் அவரவர் மண்ணுக்குச் சரி. எனவே மலைக்கு முடிச்சும் சமவெளிக்குக் கண்ணியுமாக இரண்டையும் தனித்தனி ஆணியில் தொங்கவிடக் கட்டளையிட்டோம். நாயைக் கடைக்கு அழைத்துவராமல், அதன் தலையையும் கழுத்தையும் அளக்காமல், நிறத்தையும் குமிழையும் பார்த்துப் பட்டை கேட்பவர் அரசியே ஆனாலும் கொடுக்கலாகாது என்பது சேந்தன் கூற்றனுக்கு யாம் இட்ட ஆணை. அந்த ஆணையின் படியும் இதனோடு வருகிறது.

இவ்வோலையோடு இரண்டு பட்டைகளை அனுப்பியிருக்கிறோம். ஒன்று பாலாடை நழுவிய செம்பட்டை. மற்றது புதியது. தாங்கள் யாம் சொன்னதை நம்பவேண்டாம். தங்கள் தூதர் சொல்வதையும் நம்பவேண்டாம். பாலாடையை அவைக்கு வரவழைத்து, செம்பட்டையைத் தங்கள் கையாலேயே பூட்டி, கொக்கியைத் தாங்களே சரிபார்த்து, கயிற்றைத் தாங்களே பிடித்துக்கொண்டு, பறையை ஒருமுறை அடிக்கச் சொல்லவேண்டும். அது பட்டைக்குள்ளேயே நின்றால் வெண்குழலி பொய்யுரைத்தவள். நிறைமதி நாளில் எம் மகளை யாம் வாய்பேசாமல் ஏற்றுக்கொள்வோம். நழுவினால், எம் வீட்டார் எவரும் நாயின் கழுத்தை வெறுமையாக்கவில்லை என்று தாங்கள் அவையறியச் சொல்லவேண்டும்.

நழுவியபின் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பல்லக்கு எல்லைக்கல்லுக்கு வருகிறது என்பது இரு நாட்டு ஊர்களுக்கும் தெரிந்துவிட்டது. அன்று இருபுறமும் கூட்டம் கூடும். பல்லக்கு வராமற்போனால், என்ன ஆயிற்று என்று ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். அந்தக் கதைகளோடு எம் மகள் வாழ்நாள் முழுவதும் வாழவேண்டியிருக்கும். எனவே அந்த நாளை மாற்றவேண்டாம். பல்லக்கைமட்டும் விலக்குக. புதிய பட்டை பூண்ட பாலாடையை அல்லிக்கோதை தன் கையால் கயிறு பிடித்து நடத்தி வரட்டும். எல்லைக்கல்லருகே எம் பக்கத்தில் ஒச்சன் நிற்பான். வழக்கப்படி அங்கே பட்டையைக் கழற்றவேண்டாம். வந்த பட்டையோடே நாய் எங்களிடம் வரட்டும். இனி நம் இரு வீட்டிலும் எந்த உயிரும் தனக்குப் பொருந்தியதைக் கழற்றிவைத்துவிட்டு எல்லை தாண்டவேண்டாம் என்பது எம் விருப்பம். தாங்கள் இசைந்தால் அதையே புதிய வழக்கமாகக் கல்லில் வெட்டுவிப்போம்.

இதுவரை அரசியாகச் சொன்னேன். இனி வருவது தாயாக நான் சொல்வது. அவளை வைத்துக்கொள்ளும்படி தங்களிடம் நான் கெஞ்சவில்லை. திருப்பி அனுப்பும்படியும் கேட்கவில்லை. தங்கள் வீட்டில் அவள் நலமாக இருக்கிறாளா என்பதை நாயின் கழுத்தைப் பார்த்தே இதுநாள்வரை தெரிந்துகொண்டிருந்தேன். அது எனக்குப் போதவில்லை என்பது இந்த ஒரு வாரத்தில் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

இவ்வோலையை விழுப்பரையரே தம் கையில் கொண்டுவருகிறார். அவரைத் தங்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கச் செய்க. படிக்கும்போது எம் மகளும் எம் மருமகனும் அவையில் இருக்கச் செய்க.

கருங்கோட்டு நாட்டு அரசியின் சொல், குளிர்முடி அரண்மனையில், அவையோர் கேட்க உரைக்கப்பட்டு, ஓலைநாயகம் மருதங்கணியார் கையால் எழுதப்பட்டு, மலைமுகட்டு முத்திரை இடப்பட்டது. முத்திரை உடையாமல் சென்றடைக. உடைத்தவர் கை நலம் பெறுக.

எல்லைக்காவலர்க்கு ஆணை, தண்பணை வேந்தரும் அறிய: நிறைமதி நாளில் எல்லைக்கல்லருகே உள்ள காவல்வாயிலின் மலைப்புறக் கதவு திறந்தே இருக்கவேண்டும். பாலாடையின் கயிற்றை ஒச்சன் கையில் கொடுத்தபின், அல்லிக்கோதை எந்தப் பக்கமாக நடந்தாலும் எம் காவலர் ஒருவரும் அவளை அழைக்கவோ தடுக்கவோ கூடாது. அவள் ஆற்றுப்பக்கம் திரும்பினால் வழிவிட்டு வணங்குக. மலைப்பக்கம் ஏறினால் நான் அங்கேயே நிற்பேன். தங்கள் பக்கத்துக் காவலர்க்கும் இவ்வாறே தாங்கள் ஆணையிடுக.